பழுது நீங்கும் வரை

மார்ச் 3, செவ்வாய்

ஆபீஸ் ப்ளூ-ரே டிரைவின் தட்டு இன்றும் மக்கர். பொத்தானை அழுத்தினால் பாதி வெளியே வந்து, யோசித்து, திரும்ப உள்ளே போய்விடுகிறது. நகத்தால் நெம்பி எடுத்தேன். நகம் போச்சு.

ஆனால் இன்று எதுவும் என்னை ஒன்றும் செய்யாது. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது! நாலு வருஷமாக விண்ணப்பம் போட்டு, போட்டு, கடைசியில் அவரும் எங்கள் மகள் குட்டியும் இருக்கும் ஊருக்கே, எங்கள் கிளை அலுவலகத்துக்கே. மே 29-க்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் உத்தரவு தானாகவே காலாவதி. அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். மே 29-க்கு இன்னும் யுகம் கிடக்கிறது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் கட்டையால் கூரையில் தட்டினார். தட்டட்டும்.

மார்ச் 5, வியாழன்

குதித்தது அவசரம்.

மேலாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிசு. "போறது சந்தோஷம்மா. பொறுப்பை யார்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போவீங்க?"

என் வேலை இதுதான்: இந்த அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அதைப் படம் பிடிக்க வேண்டும், ப்ளூ-ரே டிஸ்க்கில் எழுத வேண்டும், அலமாரியில் பூட்ட வேண்டும். பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் எழுத்துக் குறிப்பில் ஒரு பக்கத்தையே மாற்றிவிட்டாராம். அன்றிலிருந்து பேனாமேல் இவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. டிஸ்க்கில் எழுதியதை யாராலும் திருத்த முடியாது. எழுதவும் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் கட்டடத்திலேயே ஒரே ஒரு இயந்திரம்தான், அது என் மேசையில். பதினோரு வருஷமாக அதுவும் நானும்.

புதிதாக நாற்பது கணினிகள் வாங்கப் போகிறார்கள். அவற்றில் ப்ளூ-ரே டிரைவ் வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஒரு குழு. வேண்டும் என்றால் அந்தந்தப் பிரிவே அதது டிஸ்க்கை எழுதிக்கொள்ளும், நான் தேவையில்லை. வேண்டாம் என்றால் டிஸ்க்குக்கே தலைமுழுக்கு, அப்போதும் நான் தேவையில்லை. எப்படிப் போனாலும் எனக்கு விடுதலை. முடிவு வரும்வரை மட்டும் நான் இந்த இயந்திரத்தோடு கட்டிப்போடப்பட்டவள்.

ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. இதைவிட நல்ல நிலைமையில் உலகத்தில் யாராவது இருக்க முடியுமா? அவரிடம் போனில் சொன்னேன். "ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்"னு சொன்னார் பாவம்.

மார்ச் 12, வியாழன்

முதல் கூட்டம். ஐம்பது நிமிஷம். நான் மூலையில் கேமராவுக்குப் பின்னால்.

குழுவில் நாலு பேர். தலைவர், யார் மனமும் கோணக்கூடாது என்று நினைக்கும் நல்ல மனிதர், அதுதான் பிரச்சினையே. கணினிப் பிரிவு அக்கா, டிரைவ் வேண்டாம் கட்சி. கொள்முதல்காரர், வேண்டும் கட்சி. நாலாவது, சட்டப் பிரிவிலிருந்து இந்த வருஷம் வந்தவர். "ஷரத்து என்ன சொல்லுதுன்னா" என்று ஆரம்பிக்காமல் அவருக்குத் தும்மல்கூட வராது. எல்லோரும் அவரை ஷரத்து என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அக்கா: "சார், புது கம்ப்யூட்டர் எல்லாம் தட்டு மாதிரி மெலிசா வருது. இதை எங்க சொருகறது? எழுதறதாவது பரவால்ல. பாக்கறதுக்குத் தனியா சாஃப்ட்வேர் வேணும், அதுக்கு லைசென்ஸ் சாவி புதுப்பிக்கணும், இல்லைன்னா 'இந்த டிஸ்க் யாருன்னே தெரியாது'ங்கும்."

கொள்முதல்: "எல்லாத்தையும் கிளவுட்ல, அந்த மேகத்துல வைக்கறேன்றீங்க. நெட் போயிட்டா? கம்பெனி போயிட்டா? டிஸ்க் அலமாரில இருக்கும்ல, எங்க போயிடும்?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். தலைவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று விட்டார்.

மார்ச் 26, வியாழன்

இரண்டாவது கூட்டம். தலைவர் வாயைத் திறக்குமுன் ஷரத்து கையைத் தூக்கினார்.

"ஷரத்து என்ன சொல்லுதுன்னா, முந்தைய கூட்டத்தோட பதிவை முழுசா போட்டுப் பார்த்து ஏத்துக்கிட்ட பிறகுதான் அடுத்த பேச்சு."

இப்படி ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக யாரும் அதைச் சீண்டியதில்லை. சரியென்று போட்டேன். ஐம்பது நிமிஷமும் அவர்களே அவர்களைப் பார்த்தார்கள். நடுநடுவே "நிறுத்துங்க, நிறுத்துங்க, இங்க நான் சொல்ல வந்தது வேற" என்று நிறுத்தி நிறுத்தி விளக்கம். நான் கேமராவை அணைத்து வைத்திருந்தேன். ஷரத்து அதையும் பார்த்துவிட்டார். பார்ப்பதும் கூட்ட நடவடிக்கைதானாம், அதையும் பதிவுசெய்ய வேண்டுமாம். ஆகவே முதலிலிருந்து மறுபடி.

அதற்குப் பிறகு தலைவர் ஒரு சமரசம் கொண்டுவந்தார். நாற்பதில் இருபது கணினி பார்க்க மட்டும், இருபது எழுத மட்டும்.

"எழுதத் தெரிஞ்ச டிரைவுக்குப் படிக்கவும் தெரியும் சார்" என்றார் அக்கா.

தலைவர் யோசித்து, "படிக்கக் கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டிடலாமே" என்றார். ஸ்டிக்கர் என்ன நிறம் என்பதோடு நேரம் முடிந்தது. பதிவு 1 மணி 50 நிமிஷம்.

மார்ச் 29, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும்.

குட்டியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். அங்கே அவள் வகுப்புப் பெண் ஒருத்தி. குட்டி என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அறிமுகம் செய்துவைத்தாள். "இவங்கதான் எங்கம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் இருப்பாங்க."

பெருமையாச் சொன்னா. அதான். கோவமா சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பெருமையாச் சொல்றா— ஞாயித்துக்கிழமை அம்மா. ஆறு வயசு. என்னை எண்ணிப் பாத்தா அவளுக்கு எத்தனை நாள் கெடைச்சிருப்பேன்? கணக்குப் போட மாட்டேன். ஆறு மணி நேரம் பஸ். அழுதா பக்கத்து சீட்டம்மா பாக்குது.

ஏப்ரல் 9, வியாழன்

மூன்றாவது கூட்டம். இரண்டாவது கூட்டத்தின் பதிவைப் பார்த்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் அவர்கள் முதல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, திரையில் நாலு பேர் ஒரு திரையைப் பார்க்கிறார்கள், அந்தத் திரைக்குள் அதே நாலு பேர் பேசுகிறார்கள், இங்கே அதே நாலு பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதை நான் படம் பிடிக்கிறேன். எனக்குத் தலை சுற்றியது. சிரிப்பு வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரையில் தலைவர் தூங்குகிறார். இங்கே இருக்கும் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "அது தூக்கம் இல்ல. கண்ணை மூடி யோசிச்சது. அப்படிப் பதிவு பண்ணிக்கங்க" என்றார். விவாதம் பதினைந்து நிமிஷம். யோசனைதான் என்று ஏகமனதாக முடிவு.

இது ஒன்றுதான் இந்தக் குழு இதுவரை எடுத்த முடிவு. பதிவு 2 மணி 45 நிமிஷம்.

ஏப்ரல் 10, வெள்ளி

எழுதும்போது டிரைவ் மிக்ஸி மாதிரி அலறுகிறது. நாளைக்கு நீயே கெடுத்துவிடாதே, தாயே.

ஏப்ரல் 23, வியாழன்

3 மணி 40 நிமிஷம். இவர்களுக்கு வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது. "இப்ப பாருங்க, இந்த இடத்துல நான் ஒண்ணு சொல்வேன்" என்று கொள்முதல்காரர் முன்கூட்டியே சிரிக்கிறார். நெட் போயிட்டா என்று அவர் கேட்கும் இடத்தில் அக்காவே கூடச் சேர்ந்து சொல்கிறார். சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கும் பழைய சண்டையைப் பார்த்துப் பார்த்து ஒரு பாசமே வந்துவிட்டது. புதிதாகச் சண்டை போடத்தான் ஆள் இல்லை.

கடைசி இருபது நிமிஷம் பேசினார்கள். ஸ்டிக்கர் பச்சை.

மேலாளரிடம் போய்க் கேட்டேன்: "சார், குழு முடிவு இல்லாம என்னை விடுவிக்க முடியாதா?" அவர் என்னைவிடச் சோகமாகிவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

மே 7, வியாழன்

வயிற்றெரிச்சலை எங்கே கொட்டுவது, இங்கேதான்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு டிஸ்க்தான், அதுவும் விதி. எங்கள் கேமராவின் படம் ஒரு டிஸ்க்கில் நாலேகால் மணி நேரம் கொள்ளும். இன்று முந்தைய பதிவு முடியவே 3 மணி 40 நிமிஷம். பேச ஆரம்பித்தார்கள். அக்கா எழுந்து நின்று, இந்த மாதிரி அக்கா பேசி நான் பார்த்ததே இல்லை, நாற்பதிலும் வேண்டாம், ரெண்டே ரெண்டு கணினிக்கு வெளியிலிருந்து செருகும் டிரைவ் வாங்கலாம், தேவையானவர் அதில் எழுதிக்கொள்ளட்டும் என்றார். கொள்முதல்காரர் தலையாட்டினார். ஆட்டினார்! தலைவர், "அப்ப எல்லாருக்கும் சம்மதம்னா..." என்று வாயைத் திறக்கிறார்—

நாலேகால் மணி. டிஸ்க் அளவு முடிந்தது. நான்தான் கையைத் தூக்க வேண்டும், அது என் கடமை. தூக்காமல் நின்றேன். ஷரத்து தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூக்கினேன்.

"பதிவுக்கு வெளிய எடுக்கற முடிவு செல்லாது" என்றார் ஷரத்து. எல்லோரும் கலைந்தார்கள். இந்தப் பாழாப்போன கை.

மே 8, வெள்ளி

விடிகாலையில் விழிப்பு வந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் இந்த நாலேகால் மணிப் பதிவை முழுசாகப் பார்க்க வேண்டும். பார்த்து முடிக்கும்போது அந்தக் கூட்டத்தின் டிஸ்க்கும் நிறைந்துவிடும். கூட்டம் முடிந்துவிடும். அதற்கடுத்த கூட்டத்தில் அந்த நாலேகால் மணியைப் பார்க்க வேண்டும்.

இனிமேல் எந்தக் காலத்திலும் இவர்களுக்குப் பேச ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது.

ஐயோ. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

மே 14, வியாழன்

அப்படியேதான் வந்தது. நடுவில் தலைவர் நிறுத்தச் சொன்னார். "நிறுத்தினா பார்த்து முடிக்க நேரம் பத்தாது சார், அப்ப கூட்டமே ஆரம்பிச்சதா ஆகாது" என்றேன். நாலு பேரும் நாலேகால் மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்தது, கலைந்தார்கள்.

வெளியே வந்து ஷரத்தைப் பிடித்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், இது எப்பவுமே முடியாது, தெரியுதா?"

"தெரியுது" என்றார். முகத்தில் ஒரு பூரிப்பு. "எவ்ளோ கச்சிதமா இருக்குல்ல?"

அடிக்கக் கை ஓங்காமல் இருந்தது என் பெற்றோர் வளர்ப்பு.

மே 17, ஞாயிறு

அவர் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, எனக்கும் சேர்த்துத் துணி துவைத்துப் போட்டார். "இன்னும் பன்னண்டு நாள் இருக்குல்ல" என்றார். கொடியில் என் துணி இருப்பதைப் பார்த்தால் வீடு மாதிரி இருக்கிறதாம்.

மே 21, வியாழன்

டிரைவ் செத்தது.

டிஸ்க்கைப் போட்டேன். சுற்றியது, முனகியது, நின்றது. "டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை." துடைத்துப் போட்டேன். திருப்பிப் போட்டேன். வேறு டிஸ்க் போட்டேன். எதையும் படிக்கவில்லை. நாலு பேரும் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அவர்களே இல்லாததைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

முந்தைய பதிவைப் போடாமல் கூட்டம் தொடங்க முடியாது. புது டிரைவ் வாங்கலாமா என்று தலைவர் கேட்டார். கொள்முதல்காரர் மென்று விழுங்கி, "ப்ளூ-ரே டிரைவ் வாங்கலாமா வேண்டாமாங்கறதை இந்தக் குழுதான் சார் முடிவு பண்ணணும்" என்றார்.

சிரித்துவிட்டேன். சத்தமாக. யாரும் என்னைத் திட்டவில்லை.

மே 22, வெள்ளி

சிரிப்பெல்லாம் நேத்தோட போச்சு. ஓடாத இயந்திரத்தை ஒப்படைக்கவும் முடியாதாம். இன்னும் ஏழு நாள். பதினோரு வருஷம் ஒரு பெட்டிக்குக் காவல் இருந்தேன், பெத்த பொண்ணுக்கு இருக்கல. இதை யார்கிட்ட போய்ச் சொல்ல? ராஜினாமா எழுதினேன். கிழிச்சேன். திரும்ப எழுதினேன். அவர் போன்ல, "நீ என்ன பண்ணாலும் சரிம்மா" என்கிறார். சரின்னு சொல்லாதீங்க, எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க. நீங்களும் அந்தக் குழுல சேந்துட்டீங்களா?

கத்திட்டேன். பாவம்.

மே 25, திங்கள்

நான் கத்தியதில் அவருக்கு ரோஷம் வந்து ஊரெல்லாம் விசாரித்திருக்கிறார். அவர் மருந்துக்கடைக்குப் பின் தெருவில் ஒருவர் பழைய டிரைவ் எல்லாம் பழுது பார்க்கிறாராம்.

ராஜினாமாக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே ஷரத்திடம் போனேன். "சார், பழுது பாக்கறதைப் பத்தி ஷரத்து என்ன சொல்லுது?"

இதுவரை அவரிடம் யாரும் தானாக வந்து இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலி இழுத்துப் போட்டார். மூன்று புத்தகம் எடுத்தார். படித்துக் காட்டினார்: பழுதான பதிவுக் கருவி, பழுது பார்க்கும் இடத்துக்குப் பொறுப்பாளரின் நேரடிக் காவலில் செல்ல வேண்டும். பழுது நீங்கும் வரை பொறுப்பாளர் அதே ஊரில் இருந்து, அருகிலுள்ள கிளை அலுவலகத்தில் பணியாற்ற வேண்டும். பழுது நீங்கியதும் கருவியோடு திரும்ப வேண்டும். மாதம் ஒரு சான்றிதழ்.

"இதுக்குக் குழு முடிவு வேணுமா?"

"வேணாம். மேலாளர் கையெழுத்து போதும்."

மேலாளர் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "பக்கத்துல எங்கயும் ரிப்பேர் பண்றவங்க இல்லையாம்மா?" என்று கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். நம் அலுவலகத்துக்கு மூன்று தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார். அவர் கேட்கவில்லை.

மே 27, புதன்

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம். பஸ்ஸில் மேலே வைக்கச் சொன்னார்கள், நேரடிக் காவல் என்றேன். கால் மரத்துப்போய்விட்டது.

மே 29, வெள்ளி

மாற்றல் உத்தரவு இன்று மாலை ஐந்து மணிக்குக் காலாவதி. அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வருவாராம். எனக்குக் கிளையில் ஜன்னலோரம் ஒரு மடக்கு மேசை, தற்காலிகம். ஐந்து மணிக்கு நான் செருப்புக் கடையில் குட்டியின் காலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மணி பார்க்க மறந்துவிட்டது.

ஜூன் 30, செவ்வாய்

முதல் சான்றிதழ் அனுப்பினேன். "பழுது தொடர்கிறது." உண்மைதான். லென்ஸ் போய்விட்டதாம், உதிரி எங்கும் கிடைக்கவில்லை என்று மெக்கானிக் அண்ணன் கையை விரித்துவிட்டார்.

அங்கே குழு வியாழக்கிழமைதோறும் கூடுகிறதாம். தொடங்க முடியாததால் டீ குடித்துவிட்டுப் போகிறார்களாம். அக்கா போனில் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஜூலை 16, வியாழன்

மெக்கானிக் அண்ணன் போன். "லென்ஸ் கெடைச்சிடுச்சும்மா. மாட்டிட்டேன். ஜம்முனு ஓடுது, வந்து பாருங்க."

அரை நாள் லீவு போட்டுப் போனேன். போகிற வழியெல்லாம் 'பழுது நீங்கியதும் கருவியோடு திரும்ப வேண்டும்' என்ற வரிதான் மனதில். கடை முழுக்கத் திறந்து போட்ட பெட்டிகள், நடுவில் என்னுடையது. ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று பெட்டியோடு நான் கொண்டுவந்திருந்த டிஸ்க்கைப் போட்டிருந்தார். ஆறாவது கூட்டம். நாலு பேர், அசையாமல், திரையைப் பார்த்துக்கொண்டு. சத்தமே இல்லாமல் டிரைவ் ஓடுகிறது. என்னிடம் இருந்த பதினோரு வருஷத்தில் அது அப்படி ஓடியதே இல்லை.

"யாரும்மா இவங்க? என்னத்தைப் பாத்துட்டு இருக்காங்க?"

"அவங்களையேதான்."

"எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல இது வேணுமா வேண்டாமான்னு."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நீங்க என்ன நெனைக்கிறீங்க? வேணுமா?" என்றார்.

பதினோரு வருஷத்தில், அஞ்சு மாசக் கூட்டத்தில், என்னை ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் மறுபடி கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்: "வேணும்ணே. எல்லாத்துலயும் வேணாம், ஒண்ணு ரெண்டுல இருந்தாப் போதும். பாக்கறதுக்கு ஆயிரம் வழி வந்திடுச்சு, அதை விடுங்க. எழுதறதுக்கு வேணும். எழுதினா யாரும் வந்து மாத்த முடியாதுன்னு ஒரு பொருளாவது இருக்கணும்ல."

"அப்ப எடுத்துட்டுப் போங்க. ரெடி."

அப்படிச் சொன்னதும் வாயில் தானாக வந்தது. "இல்லண்ணே. லென்ஸைக் கழட்டிடுங்க."

"நல்லா ஓடறதைக் கழட்டச் சொல்றீங்களே!"

எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது திரும்பிப் போனால் எனக்கு மாற்றலும் கிடையாது, இடமும் கிடையாது என்பதையும், குட்டியையும். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தலைவர் திரையில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே படம் போய்விட்டது.

லென்ஸை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, என் பெயரை எழுதி, மேல் தட்டில் வைத்தார். "பொய் இல்லம்மா. இப்ப பழுதுதான்" என்றார்.

ஜூலை 31, வெள்ளி

இரண்டாவது சான்றிதழ். "பழுது தொடர்கிறது." கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

காலையில் தலை பின்னும்போது குட்டிக்கும் எனக்கும் பெரிய சண்டை. நான் இழுத்துப் பின்னுகிறேனாம், அப்பாதான் நன்றாகப் பின்னுவாராம். சீப்பைப் பிடுங்கி எறிந்தாள். முதுகில் ஒன்று வைத்தேன். இனிமேல் ஒரு வாரம் என்னோடு பேச மாட்டாளாம். விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்தும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், பென்சில் வேண்டும் என்றால்கூட அப்பாவிடம்தான் கேட்கிறாள்.

பேசாமல் இருக்கட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.